வாடகை வீட்டுக்குப் பதிவு எண் வாங்கிவிட்டீர்களா?

போன மாதம் சோமனூரில் தறிக்குப் பாவு பிணைக்கும் பெண் ஒருவர் மஞ்சப்பையோடு வந்து நின்றார். லைன் வீட்டில் ஐந்து வருஷக் குடித்தனம். ஒரு ரூபாய் பாக்கி கிடையாது. வீட்டுக்காரர் வாடகையில் ஆயிரத்து ஐந்நூறு ஏற்றிக் கேட்டிருக்கிறார். முடியாது என்றதும் நான்கு நாளாகத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சாமானை எடுத்துக்கோ" என்று சொல்லியாகிவிட்டது.

பையைக் கொட்டிப் பார்த்தோம். பதினோரு மாத ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ் ஒன்று இருந்தது. காலாவதியானது, அதிலும் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை. பையன் எழுதி முடித்த பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் மாதாமாதம் கொடுத்த வாடகையைத் தன் கைப்படக் குறித்து வைத்திருந்தார். நாற்பதாயிரம் அட்வான்ஸுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ரசீது வாங்கவில்லையா என்று கேட்டேன். "உள்ளூர்க்காரருங்கண்ணா, அவுங்ககிட்டப் போயி எப்படிங்க ரசீது கேக்கறது?" என்றார்.

இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! தறிக்கூடத்தை வாடகைக்கு எடுத்தவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்தவர், ஒடிசாவிலிருந்து வந்து ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருப்பவர் என்று எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். வாய் வார்த்தையை நம்புகிறார்கள். இன்றைய சட்டம் வாய் வார்த்தையைக் காப்பாற்றாது.

பழைய சட்டம் இப்போது இல்லை

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நீதிமன்றம் நியாய வாடகை நிர்ணயித்தது. இன்னமும் அதை நம்பிப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். இதில் வாடகை என்பது ஒப்பந்தத்தில் இருவரும் எழுதிக்கொண்டதுதான். ஒப்பந்தத்தில் எழுதாததைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

உங்கள் வீடு இதில் வருமா?

இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. நம் பகுதியில் கருமத்தம்பட்டி 2021-இல் நகராட்சி ஆனது. அதன் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். சாமளாபுரம் பேரூராட்சிக்கும் பொருந்தும், ஆனால் அது திருப்பூர் மாவட்டம், பதிவு செய்யும் அலுவலகம் வேறு. நம்மைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கு இது பொருந்தாது. அங்கே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம்தான். மாத வாடகைக்கு இருப்பவரை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம். அப்போதும் மறுத்தால் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டுமே தவிர, வீட்டுக்காரர் தானே பூட்டுப் போட முடியாது.

எந்த எல்லை என்பதில் சந்தேகமா? வீட்டுவரி ரசீதைப் பாருங்கள். வரி வாங்குவது நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா என்பது அதில் இருக்கும். வேலையோடு சேர்த்து நிறுவனம் கொடுத்த குவார்ட்டர்ஸ், கோயில் இடம் போன்றவற்றுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தம், பிறகு பதிவு எண்

"பதினோரு மாசம்தானுங்க, பதியத் தேவையில்லை" என்று பத்திரம் எழுதுகிறவர்களே சொல்கிறார்கள். இது பாதி உண்மை. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியத் தேவையில்லை என்பது பதிவுச் சட்டம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. அது எத்தனை மாத ஒப்பந்தமானாலும் கட்டாயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள்.

வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அதிகாரி. நம் சூலூர் வட்டம் கோவை தெற்குக் கோட்டத்தில் வருவதால் நமக்கு அந்தக் கோட்டாட்சியர் அலுவலகம். விண்ணப்பத்தை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே (டெனன்சி.டிஎன்.ஜிஓவி.இன்) போடலாம், இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். இரு தரப்பும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இருவரின் புகைப்படம், அடையாள அட்டை நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் வராவிட்டாலும் குடியிருப்பவர் விண்ணப்பிக்கலாம். கால வரம்பு உண்டு, எனவே ஒப்பந்தம் எழுதிய வாரத்திலேயே போட்டுவிடுங்கள். முடிவில் உங்கள் குடித்தனத்துக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் அதையும் வையுங்கள்.

பதியாத ஒப்பந்தத்தால் உரிமை எதுவும் வராது, அது சாட்சியமாகவும் ஏற்கப்படாது என்று சட்டம் சொல்கிறது. 2019-க்கு முன்பிருந்தே வாய்மொழியாக இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எழுத்து ஒப்பந்தம் ஏற்படாமல் போனதே வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு காரணம். இருபது வருஷமாக இருக்கிறேன் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

அட்வான்ஸும் ரசீதும்

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்பதே சட்டம். ஆனால் "வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர" என்று ஒரு வாசலும் திறந்தே இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வந்து கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, மீதியைத் திருப்ப வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது சுவர், கதவு, மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சமாக இருந்தால் வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ போடுங்கள். வீட்டுக்காரர் வாங்க மறுக்கிறாரா? "வாங்க மாட்டேன்னாரு, அதனால கொடுக்கலைங்க" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நாளைக்கு அதுவே வாடகை பாக்கி என்று உங்கள் மேல் திரும்பும். வங்கியில் போட வழியில்லையென்றால் தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டர் அனுப்புங்கள். திரும்பி வந்தால் அந்தத் தாளோடு வாடகை அதிகாரியிடம் மனுச் செய்து அங்கே பணத்தைக் கட்டுங்கள்.

தண்ணீரை நிறுத்தினால்

தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிப்பறை வசதி எல்லாம் அத்தியாவசியச் சேவை. வாடகைத் தகராறுக்காக இவற்றை நிறுத்தக்கூடாது. நிறுத்திய தேதி, நேரம், படம், பக்கத்து வீட்டுச் சாட்சி ஆகியவற்றோடு வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. மனுவில் அந்த இடைக்கால உத்தரவைத் தனியாகக் கேளுங்கள். நம்மூரில் பலர் கேட்பதே இல்லை.

சாமானைத் தூக்கி வெளியே வைத்தாலோ பூட்டுப் போட்டாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இந்தச் சட்டத்தின்படி உங்களை வெளியேற்ற உத்தரவிடுவது வாடகை நீதிமன்றம் மட்டும்தான். வீட்டுக்காரருக்கோ, புரோக்கருக்கோ, காவலருக்கோ அந்த அதிகாரம் கிடையாது. இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகை, தவறான பயன்பாடு, கட்டடத்தை இடித்துக் கட்டுவது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை போன்ற காரணங்களை அங்கே போய்த்தான் நிரூபிக்க வேண்டும். பாக்கி என்று நோட்டீஸ் வந்தால் ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டிவிடுங்கள், அந்தக் காரணம் விழுந்துவிடும். தொடர்ந்து தவறுகிறவருக்கு இந்தச் சலுகை மறுபடி கிடைக்காது.

பழுதும் போக்கியமும்

2017 செப்டம்பர் 7 அன்று நம் சோமனூர் பஸ் ஸ்டாண்டுக் கூரை இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த ஊரிலேயே விரிசல் விட்ட கூரையின் கீழ் குழந்தையைத் தூங்க வைக்கிறார்கள். கட்டுமானப் பழுது, குழாய், மின் ஒயரிங் மாற்றுவதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப்பு வாஷர், சுவிட்ச், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. பழுதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

போக்கியத்துக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் பதியாமல் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏலத்துக்கு வந்த பிறகு வங்கி உங்கள் கண்ணீரைக் கணக்கில் எடுக்காது.

அலுவலகத்தில் அலைக்கழித்தால்

"இது இங்கே இல்லை, பத்திர ஆபீசுக்குப் போங்க" என்று ஓர் அலுவலகத்தில் என் கண்முன்னே ஒரு கூலித் தொழிலாளியைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் முன்மேசையில் இருப்பவருக்கே அது தெரியாதென்றால் யார் வெட்கப்பட வேண்டும்? அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரா? மனுவை வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் கோவை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்களுக்கு அங்கே உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவு உங்களுக்கும் காப்புத்தான். பதியாத ஒப்பந்தத்தை நீங்களும் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது.

அந்தப் பெண்ணுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். ஆனால் ஐந்து வருஷ வாடகைக்கு அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பள்ளிக்கூட நோட்டுத்தான், நாற்பதாயிரம் அட்வான்ஸுக்கு அதுவும் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால், இந்த வாரமே வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள்.