உங்களுக்குத் தெரியுமா? அடக்கிவைக்கும் கிளி

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் லிபெர்த்தா வட்டாரத்துப் பக்கம் போனால், தலைக்கு மேலே 'கீ கீ' என்று நம்மூர்ப் பச்சைக்கிளியின் குரல் கேட்கலாம். கூண்டிலிருந்து தப்பிய செந்தார்ப் பைங்கிளிகள் அந்நகரத்துப் பூங்காக்களில் பெருகிவிட்டன. ஈழத்தமிழர் பலர் வாழும் ஊர் அது. குரல் அவர்களுக்குப் புதிதல்ல. இப்படி வெளியில் திரியும் கிளிக்கு எச்சம் போட நேரம் காலம் இல்லை. வீட்டில் வளர்க்கும்போதுதான் அது சிக்கல்.

கிளிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. கரும்பச்சை மலம், வெள்ளை யூரேட் (சிறுநீர்க் கழிவு), தெளிந்த நீர் மூன்றும் ஒரே வாசலில் ஒன்றாக வரும். சிறிய கிளிகள் பகலில் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறைகூடப் போகும். இரவு முழுக்க அடக்கி, விடிந்ததும் பெரிதாக ஒன்று போடும். அடைகாக்கும் பெட்டையும் அப்படித்தான்.

இந்த அடக்கும் திறனை வைத்துத்தான் வீட்டுக் கிளியைச் சொன்ன இடத்தில் எச்சம் போடப் பழக்குகிறார்கள். கிளி வாலைத் தாழ்த்தி, ஓரடி பின்வாங்கி, லேசாகக் குந்தும். அந்த நொடியில் காகிதத்துக்கு மேலே பிடித்து, ஒரே சொல்லைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். கெட்டிக்காரக் கிளி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சில கிளிகள் அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ளும்! வளர்ப்பவர் வெளியே போனால், அந்தச் சொல் காதில் விழும்வரை அடக்கியே கிடக்கும். இது உடம்புக்குக் கேடு. ஆகவே கூண்டுக்குள் இஷ்டம்போல் போக விடுங்கள். வெளியே எடுக்கும்போது மட்டும் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இந்தியாவில் பச்சைக்கிளி வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது தனிக்கதை.