நோயாளர் கட்டிலருகே பொறியியல்

வைத்தியக் கருவியை ஆக்குபவர் வைத்தியசாலையைக் காணவேண்டாவா? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிலையம் ஆகிய மூன்றும் கூடி வகுத்த மருத்துவப் பொறியியற் படிப்பில், வைத்தியசாலைப் பயிற்சியும் ஓர் அங்கம்.

அத்திருவனந்தபுர நிலையத்திலேதான் சத்திரவைத்தியரும் பொறியியலாளரும் ஒருங்கு உழைத்து இருதய வால்வொன்றை ஆக்கினர். முதல் மூன்று மாதிரிகளும் பயன்படவில்லை. நான்காவதே 1990 டிசம்பரில் மனித நெஞ்சிற் பொருத்தப்பட்டது. உலோக வளையத்துள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் தட்டு அது. நாடித்துடிப்புத்தோறும் ஒருமுறை, ஆண்டுக்கு 3½ கோடி முறைக்கு மேல், அது திறந்து மூடவேண்டும்!

நம் மட்டக்களப்பு வாவிக்கரையின் உப்புக் காற்றோ உலோகத்தைத் தின்னும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் இது புலப்படாது. வாட்டிலே இராக்கடமை புரியும் தாதியைக் கேளுங்கள்: ஈரக் கையுறையோடு எந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை என்று உடனே சொல்லுவார்.