மைசூர்ச் சுவடியில் ஓர் அரசியல் கணக்கு

அயல்நாட்டு உறவைக் கணக்கிட்டு வகுப்பது இந்நாளைய புதுமையன்று. அதற்குரிய பழம்பெரும் நூலொன்று நாம் வாழும் மைசூரிலேயே வெளிப்பட்டது. தஞ்சைப் பண்டிதர் ஒருவர் இங்குள்ள கீழ்த்திசை நூலகத்துக்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடியில், கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இருப்பதை நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1905-இல் கண்டறிந்தார், 1909-இல் அச்சேற்றினார்.

வெற்றி நாடும் அரசன், அண்டையிலுள்ள பகைவன், அவனுக்கு அப்பாலுள்ள நண்பன் என அந்நூல் 12 அரசர்களை எண்ணுகிறது. அமைச்சர், நாடு, அரண், கருவூலம், படை என ஒவ்வோர் அரசனுக்கும் 5 உறுப்புகள், ஆக 60. அரசர்களையும் கூட்ட 72. இவற்றின் வலிமையை ஒப்புநோக்கி, சமாதானம், போர், வாளாவிருத்தல், படையெடுப்பு, அடைக்கலம், ஒருவனோடு நட்பும் மற்றவனோடு போரும் என்னும் 6 வழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போரும் சமாதானமும் ஒரே பயனைத் தருமாயின் யாது செய்வது? சமாதானமே கொள்க என்கிறார் கௌடிலியர். ஆள் இழப்பு, பொருட்செலவு, ஊரைப் பிரிந்திருத்தல் ஆகியவை போரின் கேடுகள் என்று அவர் காரணமும் காட்டுகிறார்.

படைபலத்தை எண்ணுவோர் பலர். வீட்டைப் பிரிந்த வீரனின் துயரையும் செலவுப் பக்கத்தில் எழுதிய கணக்கு இது. பிறந்த ஊரை விட்டு வந்த நாம் அதன் பொருளை நன்கறிவோம்.