எழுத்தை மறந்த நகரம்

சென்ற பள்ளி விடுமுறையில் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று, என் தமக்கையார் இல்லத்தில் நான்கு நாள் தங்கியிருந்தேன். தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனுக்கு விடுமுறை என்பது பெரும்பாலும் கணக்கேடுகளை முடிக்கும் காலமே. இம்முறை அவ்வேடுகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தேக்காவில் காய்கறி வாங்கவும், மாலையில் சிராங்கூன் சாலையில் நடக்கவும், இரவில் பிள்ளைகளோடு படம் பார்க்கவும் செய்தேன். அவ்வாறு பார்த்த படங்களுள் ஒன்றே இக்கட்டுரைக்கு வித்து. ‘அட்லாண்டிஸ்: மறைந்த பேரரசு’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டு சூன் திங்களில் வெளியிட்ட சித்திரப்படம் அது.

படம் முடிந்தபோது கூடத்தில் மூன்று கருத்துகள் நிலவின. பொறியாளராகிய என் தமக்கை மகன், “கதையில் அவசரம் மிகுதி, ஆள்களும் மிகுதி” என்றான். அண்டை வீட்டிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், “இது நம் குமரிக்கண்டக் கதை, பெயரை மாற்றிவிட்டார்கள்” என்று சற்றே சினத்துடன் கூறினார். பதினோரு வயதுப் பேர்த்தியோ, “தாத்தா, பேசத் தெரிந்த மொழியை எப்படிப் படிக்கத் தெரியாமல் போகும்?” என்று கேட்டாள். முதலிரண்டும் கருத்துகள், மூன்றாவது வினா. அதற்கு அன்றிரவு யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

இப்படத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுவது புதிதன்று. வெளிவந்த நாள்தொட்டே அப்படித்தான். 1991இல் ‘அழகியும் விலங்கும்’ கதையை இசைச் சித்திரமாக்கிப் புகழ்பெற்ற கேரி துரூஸ்டேல், கிர்க் வைஸ் என்னும் இருவரே இதனையும் இயக்கினர். அந்நிறுவனத்தின் படமென்றால் பாட்டும் பேசும் விலங்கும் இருக்கும் என்று எதிர்பார்த்த குடும்பங்களுக்கு இதில் இரண்டும் கிடைக்கவில்லை. பாட்டைக் குறைத்து வெடியைக் கூட்டுவோம் என்னும் பொருள்பட எழுதிய சட்டைகளைப் படக்குழுவினர் வேடிக்கையாக அணிந்திருந்தனராம். அமெரிக்கத் திறனாய்வாளருள் ரோஜர் ஈபர்ட் போன்றோர் இதனை வரவேற்றனர். வேறு பலர் கதைமாந்தர்க்கு ஆழமில்லை என்றனர். 1990இல் வந்த ‘நாடியா’ என்னும் சப்பானியத் தொடரை ஒத்திருக்கிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. படமெடுத்தோர் அதனை மறுத்தனர். உலகெங்கும் சேர்ந்த வருவாய் ஏறத்தாழ 18 கோடியே 60 இலட்சம் வெள்ளி, அமெரிக்க நாணயத்தில். அஃது அந்நிறுவனம் எதிர்பார்த்த அளவினதன்று. தொடர்ந்து எடுக்கவிருந்த தொலைக்காட்சித் தொடரும் கைவிடப்பட்டது. ஆயினும் அன்று சிறுவராயிருந்து பார்த்தோர் வளர்ந்து பெரியவரானபின், அப்படத்திற்கு மதிப்பு மெல்ல உயர்ந்துள்ளது. படங்களுக்கும் மறுபிறவி உண்டு போலும்.

கதை 1914ஆம் ஆண்டில் நிகழ்கிறது. மைலோ என்னும் இளைஞன் மொழிகளையும் நிலப்படங்களையும் ஆய்பவன்; ஆனால் வாஷிங்டன் காட்சியகத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையே அவனுக்குத் தரப்பட்டுள்ளது. பழஞ்சுவடியில் ஓரெழுத்தைப் பிழையாகப் படித்தமையால் அறிஞர் அயர்லாந்தைச் சுட்டினர் என்றும், சரியாகப் படித்தால் ஐஸ்லாந்து என்று வரும் என்றும் தொடக்கத்திலேயே அவன் காட்டுகிறான். ஓரெழுத்துப் பிழையால் ஒரு நாடே மாறிவிட்டது. ளகர ழகர வேறுபாட்டிற்காக முப்பது ஆண்டுகளாகத் தொண்டை வறளக் கத்திவரும் எனக்கு அக்காட்சியில் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அட்லாண்டிசுக்கெனத் தனி மொழியொன்றையே இப்படத்திற்காக உருவாக்கினர். உருவாக்கியவர் மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியலறிஞர். இந்தோ ஐரோப்பிய மொழிகளின் மூலச் சொற்களாக அறிஞர் ஊகித்தவற்றை அவர் பெரிதும் அடிப்படையாகக் கொண்டார். எழுத்து ஒரு வரியில் இடமிருந்து வலமாகவும் அடுத்த வரியில் வலமிருந்து இடமாகவும் செல்லும். ஏர் பூட்டிய எருது வயலின் கோடியில் திரும்புமே, அவ்வாறு. இது வெறுங்கற்பனையன்று; பண்டைக் கிரேக்கக் கல்வெட்டுகளில் இம்முறை உண்டு. சிந்துவெளி முத்திரைகளிலும் சிலவற்றில் இவ்வாறு எழுதப்பட்டதாக ஆய்வாளர் கருதுவர்.

ஆனால் கதையில் அம்மொழியை உலக மொழிகளுக்கெல்லாம் தாயாக்கிவிட்டனர். அதனால் அந்நகரத்தார் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கேட்டவுடனே பேசத் தொடங்கிவிடுகின்றனர். மொழிநூல் கற்றோர் இதனை ஏற்கமாட்டார். தாய்மொழி என ஒன்று இருந்ததாகவே கொள்வோம். அதன் வழிவந்த மொழிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் திரிந்தபின் தாய்க்குப் புரியா. நம் மொழிக்குடும்பத்திலேயே காணலாம்: திராவிட மொழிகளின் உறவைக் கால்டுவெல் 1856இல் விளக்கினார், அவ்வுறவு உண்மை என்பதனால் பாகிஸ்தானத்துப் பிராகூயி மொழியைக் கேட்டவுடன் நாம் விளங்கிக்கொள்கிறோமா?

ஓய்வுபெற்ற ஆசிரியரின் சினத்திற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. உலக முதன்மொழி, கடலுள் மறைந்த தாயகம், அங்கிருந்து பரவிய நாகரிகம் என்னும் மூன்றும் நமக்குப் பழக்கமானவை. தேவநேயப் பாவாணர் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் அவ்விடத்தைத் தமிழுக்கே அளித்தார். 1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் பேசியபின் சில நாள்களிலேயே அவர் மறைந்தார். அதே மாநாட்டில், தமிழக அரசின் பொருளுதவியில் ப. நீலகண்டன் இயக்கிய ‘குமரிக்கண்டம்’ என்னும் செய்திப்படம் காட்டப்பட்டது. முதலமைச்சராயிருந்த எம்.ஜி.ஆர். அதற்குத் துணைநின்றார். கண்டங்கள் நகர்கின்றன என்னும் புதிய கொள்கையையும் கண்டம் மூழ்கியது என்னும் பழைய கொள்கையையும் அப்படம் ஒன்றாகப் பிணைத்துக் காட்டியது. ஆகவே மறைந்த நாகரிகத்தைத் திரையில் காட்டுவதில் நம்மவர் டிஸ்னியாருக்கு இருபது ஆண்டு மூத்தவர்.

இப்பிணைப்பில்தான் இடர் உள்ளது. கடல்கோள் பற்றிய நம் இலக்கியச் செய்திகள் பழமையானவை. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. இறையனார் அகப்பொருளுரை முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என ஆண்டுக் கணக்குத் தருகிறது. கூட்டிப் பார்த்தால் 9990. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ அட்லாண்டிசு மூழ்கியது சோலோனின் காலத்திற்கு 9000 ஆண்டுகட்கு முன் என்றார். இருபெரும் நாகரிகங்களும் தம் இழப்பை ஏறத்தாழ ஒரே அளவுகோலால் அளந்திருப்பது வியப்பே. சிலம்பின் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் மூழ்கிய நிலம் 700 காவதம் என்றும் அதில் 49 நாடுகள் இருந்தன என்றும் எழுதினார். இவரே ‘கண்டம்’ என்று கூறவில்லை; நாடுகள் என்றே கூறினார்.

‘இலெமூரியா’ வந்த வழி வேறு. 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார், மடகாஸ்கரில் வாழும் இலெமூர் என்னும் விலங்கின் இனத்தவை இந்தியப் பக்கமும் காணப்படுவதற்கு விடை தேடினார். இடையில் நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் எனக் கருதி, அந்நிலத்திற்கு விலங்கின் பெயரையே இட்டார். தமிழரைப் பற்றி அவர் எண்ணியவரே அல்லர். பின்னர் நம் அறிஞர் சிலர் அந்நிலத்தையும் பழைய உரைச் செய்தியையும் ஒன்றெனக் கொண்டனர். 1912இல் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் கடலடி ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்று தெளிந்தபின், இடையில் நிலமொன்றை மூழ்கடிக்கும் தேவை அறிவியலாருக்கு இல்லாது போயிற்று. அப்பிரிவு நிகழ்ந்ததோ மாந்தர் தோன்றுவதற்குப் பலகோடி ஆண்டுகட்கு முன்.

அப்படியாயின் கடல்கோள் பொய்யோ? அவ்வாறும் கூறவியலாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், பனியூழியில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அன்று ஈழமும் தமிழகமும் நிலத்தால் இணைந்திருந்தன. குமரிமுனைக்குத் தெற்கேயும் கரை சில காவதம் நீண்டிருந்தது. பனி உருகியபோது அந்நிலம் மூழ்கியது. ஆனால் 49 நாடு கொள்ளும் அளவுக்கு அங்கே இடமில்லை. சிறிது தொலைவிலேயே பல்லாயிரம் அடி ஆழக் கடல் தொடங்கிவிடுகிறது.

மூழ்கிய பெருநிலம் காண விரும்புவோர் குமரிக்குப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூர்க் கடற்கரைப் பூங்காவில் நின்றாலே போதும். அதே பனியூழியில் மலாயா, சுமத்திரா, சாவகம், போர்னியோ யாவும் ஒரே நிலம். இன்று எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் இடத்தில் காடும் ஆறும் இருந்தன. சிங்கப்பூர் அன்று தீவன்று. உள்நாட்டு மேடுகளுள் ஒன்று. இதனை மாணாக்கருக்குச் சொன்னால் அவர்கள் கண் விரிவதைக் காணலாம்.

கடலடி நகர்க்கதையும் இவ்வூருக்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட ‘செஜாரா மலாயு’ என்னும் மலாய் வரலாற்றிலக்கியத்தில், ராஜா சூரன் என்றும் ராஜா சூலான் என்றும் படிதோறும் பெயர் மாறும் மன்னன் ஒருவன் வருகிறான். சோழன் என்பதன் திரிபே இப்பெயர் என்பர். அவன் கண்ணாடிப் பேழையொன்று செய்வித்து அதனுள் அமர்ந்து கடலடியில் இறங்குகிறான். அங்கே மக்கள் நிறைந்த நாடொன்றைக் கண்டு, அந்நாட்டரசன் மகளை மணந்து, மூன்று மைந்தரைப் பெற்று, சிறகுடைய குதிரைமீதேறி மேலே வருகிறான். அவன் வழியினனாகவே சிங்கபுரத்தை நிறுவிய சங் நீல உத்தமனை அந்நூல் காட்டுகிறது. இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மேல் செலுத்திய கப்பற்படையின் நினைவு அறுநூறு ஆண்டுக்காலம் கைமாறிக் கைமாறி இக்கதையாயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது. மைலோவின் நீர்மூழ்கிக்கு முந்தியது நம் சோழனின் கண்ணாடிப் பேழை. ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் இதனைக் கூறியபோது அவர் சினம் தணிந்து, இன்னொரு கோப்பை தேநீர் கேட்டார்.

இனிப் பேர்த்தியின் வினாவுக்கு வருவோம். படத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டதும் அதுவே. நகரம் மூழ்கியபின்னும் மக்கள் உயிரோடிருக்கின்றனர். மொழியும் நாவில் இருக்கிறது. ஆனால் எழுத்தைப் படிக்க எவருக்கும் தெரியவில்லை. இளவரசி கீடா பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தவள். கல்லால் அமைந்த மீன்வடிவ ஊர்தியை இயக்க அவள் எவ்வளவோ முயன்றிருக்கிறாள். அதன்மேலேயே இயக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டானாகிய மைலோ அதைப் படித்து, “படிகத்தைத் திருப்பும்போது கையைப் பலகைமேல் வைத்தீர்களா?” என்று கேட்கிறான். அவள் வைக்கவில்லை. அவ்வளவுதான் குறை.

சிறுவர் அக்காட்சியில் சிரிக்கின்றனர். என்னால் சிரிக்க இயலவில்லை. சிங்கப்பூரில் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள், 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3, 2020இல் 2.5. எங்கள் பக்கத்திலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பிள்ளைகள் நகரங்களுக்குச் சிதறினர். தமிழ் பேசுவர், பெயர்ப்பலகையைக் காட்டினால் ஆங்கில எழுத்தைத் தேடுவர். கைப்பேசியில் அம்மாவுக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புவர். இதில் அவர்களை மட்டும் குறைகூற ஒண்ணாது. படிக்கச் சுவையான நூலைக் கையில் கொடாமல் எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்வித்த நமக்கும் அதில் பங்குண்டு.

மறுநாள் பேர்த்தியைத் தேசிய அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கே ‘சிங்கப்பூர்க் கல்’ என்னும் துண்டொன்று இருக்கிறது. ஆற்றின் வாயிலில் ஏறத்தாழ பத்தடி உயரம் நின்ற பெரும்பாறை அது. 1819இல் வெள்ளையர் கண்ணில் பட்டது. ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்திருந்தது. 1843இல் கோட்டைக்கு இடம் வேண்டி அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டுகளுள் இதுவும் ஒன்று. பழந்தமிழோ என்று 1830களில் பெக்பி என்பார் ஐயுற்றார். பிறர் சாவக மொழி என்றனர். 2019இல் அயன் சின்க்லேர் என்னும் ஆய்வாளர், சோழர் பட்டமாகிய பரகேசரிவர்மன் என்பதன் பகுதி அதில் இருக்கக்கூடும் என்று எழுதினார். முற்றாகப் படித்தவர் இன்றுவரை எவருமிலர்.

அவள் நெடுநேரம் கண்ணாடிமேல் மூக்கை வைத்துப் பார்த்தாள். “இதுதான் தாத்தா, அந்த மீன்” என்றாள்.

என் பள்ளியில் இனி இவ்வாறு செய்யலாம் என்றிருக்கிறேன். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவருக்கு இப்படத்தைக் காட்டுவேன். பின்னர்க் கரும்பலகையில் இரண்டு நிலப்படம் வரைவேன்: ஒன்று அடியார்க்கு நல்லார் சொன்னபடி, மற்றொன்று கடலாய்வாளர் அளந்தபடி. முதலாவதை இலக்கிய வகுப்பில் எவ்விதக் கூச்சமுமின்றி நடத்துவேன். இரண்டாவதை அறிவியல் வகுப்பில் அதே உறுதியோடு நடத்துவேன். எது மெய் என்று பிள்ளைகள் கேட்பர். ஒன்று நம் முன்னோர் இழப்பை நினைவில் வைத்த முறை, மற்றொன்று கடலின் ஆழத்தை அளந்த முறை என்பேன். எங்கள் ஆசிரியர் இருவர் இதற்கு உடன்படவில்லை. ஒருவர் முதற்படம் போதும் என்கிறார். மற்றவர் அதனை வரையவே கூடாது என்கிறார். பள்ளி திறந்ததும் அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதனைப் பேசவிருக்கிறோம்.