ஜீப்பில் கூடுதல் விளக்கா? முதலில் ஒயரைக் கவனியுங்கள்

தில்லியில் வாழும் நம்மவர்களில் சிலர் இப்போது கோடை விடுமுறையில் சொந்த ஜீப்பிலேயே மணாலி, லே என்று மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். புறப்படுமுன் கூரையில் இரண்டு பெரிய விளக்குகள், பின்புறம் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், குழந்தைகளின் பாலுக்கு ஒரு சிறிய ஃபிரிட்ஜ் என்று பொருத்திக்கொள்கிறார்கள். எந்த விளக்கு நல்லது என்று என்னிடம் கேட்கும் நண்பர்கள் உண்டு. எந்த ஒயர் போடலாம் என்று கேட்பவர் அரிது. மெலிந்த ஒயர் போட்டால் விளக்கு மங்கும். நிலைமை மோசமானால் வண்டியே தீப்பிடிக்கும். எனவே அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்க விரும்புகிறேன்.

"வெறும் 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?" என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒயரைச் சூடாக்குவது அதில் ஓடும் ஆம்பியர். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே 100 வாட் விளக்கு வண்டியில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இது சுமார் 19 மடங்கு. ஒயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே ஒயரில் அது 350 மடங்குக்கும் அதிகம். வீட்டு பல்புக்குப் போட்ட ஒயரை ஜீப்புக்குப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

இரண்டாவது விஷயம், வழியில் இழக்கும் வோல்ட். வீட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது 8 சதவீதம். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒயரே விழுங்கிவிடுகிறது.

கணக்கு எளிது. மின்சாரம் போய்த் திரும்பும் மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து, ஆம்பியரால் பெருக்கி, மீண்டும் 0.0175 ஆல் பெருக்குங்கள். அதை நாம் இழக்கச் சம்மதிக்கும் வோல்ட்டால் வகுத்தால், தேவையான செம்பின் பருமன் சதுர மில்லிமீட்டரில் வரும். விளக்குக்கு 0.36 வோல்ட் (3 சதவீதம்), பம்ப்புக்கு 0.6 வோல்ட் (5 சதவீதம்) என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

உதாரணமாக, 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு சேர்ந்து 9.2 ஆம்பியர். பேட்டரியிலிருந்து கூரைக்கு 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர், ஆக 8 மீட்டர். கணக்குப் போட்டால் 3.6 வரும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவான 4 சதுர மில்லிமீட்டர் போட வேண்டும். இதற்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 20 ஆம்பியர் இழுக்கும் பம்ப் 5 மீட்டர் தள்ளிப் பின்புறம் இருந்தால் 6 சதுர மில்லிமீட்டர் தேவை. தலா 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு என்றால் 3.3 ஆம்பியர்தான், கூரைக்கு 1.5 போதும்.

விளக்குக்கு ஒரு ரிலே வைத்து அதைப் பேட்டரி பக்கத்திலேயே பொருத்துங்கள். அப்போது டாஷ்போர்டு சுவிட்சுக்கு மெல்லிய ஒயர் போதும். தடித்த ஒயர் உள்ளே வந்து சுற்ற வேண்டியதில்லை.

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்காக வைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. ஆகவே ஒயர் தாங்கக்கூடிய ஆம்பியரை மீறாத ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். மேற்சொன்ன ஹாலஜன் விளக்குகளுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் சரி. விளக்குப் பக்கம் ஃபியூஸ் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டவுடன் பேட்டரியிலிருந்து பல நூறு ஆம்பியர் பாயும். ஃபியூஸ் அசையாமல் இருக்க, ஒயர் பழுக்கக் காய்ந்துவிடும். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் கூடவே கூடாது.

காஷ்மீரி கேட்டிலோ பாகீரத் பேலஸிலோ வாங்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. இந்தியில் "டேட்" என்றால் ஒன்றரை, "டாயி" என்றால் இரண்டரை. புதிதாக வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. வெளிநாட்டு செட்டுகளில் ஏ.டபிள்யூ.ஜி. என்று எண் போட்டிருக்கும். அதில் எண் கூடக் கூட ஒயர் மெலியும். 10 என்பது சுமார் 5.3, 14 என்பது சுமார் 2 சதுர மில்லிமீட்டர். அதிர்வில் ஒடியாமலிருக்கப் பல மெல்லிய இழைகள் கொண்ட ஒயராகக் கேளுங்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். எங்கள் கணக்கு அதற்குப் பொருந்தாது. வின்ச் மட்டும் தனி ரகம். முழுப் பளுவில் பல நூறு ஆம்பியர் இழுக்கும். அதனுடன் வரும் கேபிளை மாற்றவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் விளக்கின் முனைகளிலும் வோல்ட்டைப் பாருங்கள். வித்தியாசம் 0.4 வோல்ட்டுக்குள் இருந்தால் மெக்கானிக்குக் கூலி கொடுக்கலாம். அதிகமிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மலைமேல் போய்த் திருத்த ஆள் கிடைக்காது.