அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும்

கல்லூரி ஆண்டு மலர் ஒன்றை வெளியிடுதல் கலியாணம் ஒன்றை நடத்தி முடிப்பதற்கு ஒப்பான காரியம். சில ஆண்டுகளுக்கு முன் அப்பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் உடைய தாளைத் தெரிந்தோம். பக்கத்துக்கு இரண்டு பத்திகள், நாற்புறமும் போதிய வெற்றிடம், தலைப்பின் கீழ் ஒரு மெல்லிய கோடு என யாவற்றையும் வரையறுத்தோம். அச்சகத்தார் தந்த மாதிரிப் படியை மும்முறை திருத்தினோம். மலர் கைக்கு வந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

மலரை இணையத்திலும் இட்டால் வெளிநாட்டில் இருப்போரும் வாசிப்பரே என்று மாணவர் சிலர் கூறினர். நல்ல யோசனை என்று கருதி, அச்சிட்ட பக்கங்களை அப்படியே படங்களாக்கி ஏற்றிவிட்டோம். அம்மலரிலே தன் அம்மம்மாவைப் பற்றி உள்ளத்தைத் தொடும் கட்டுரை ஒன்றை ஒரு மாணவன் எழுதியிருந்தான். அவனுடைய தாயார் மத்திய கிழக்கு நாடொன்றிலே வீட்டுப் பணிபுரிபவர். மகனை வளர்க்கும் பொறுப்பைத் தம் தாயாரிடம் ஒப்புவித்துச் சென்றவர். அவர் கட்டுரையை வாசித்தாரா என்று ஒருநாள் வினவினேன். மாணவன் சற்றுத் தயங்கினான்.

"அம்மாவாலை வாசிக்க ஏலாமல் போச்சு, சேர். போனிலை எழுத்துச் சின்னன். பெருப்பிச்சால் வரி வெளியிலை போகுது. அரைவாசியோடை விட்டிட்டா."

அன்றிரவு என் கைத்தொலைபேசியிலே அப்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை வலமும் இடமும் இழுக்க வேண்டியிருந்தது. ஒரு பத்தியின் அடிக்கு வந்தபின் மறு பத்தியின் தலைக்கு மீண்டும் ஏற வேண்டியிருந்தது. தாளில் அழகாயிருந்த இரண்டு பத்திகளே திரையில் இடையூறாக மாறின. பிழை அந்தத் தாயாருடையதன்று, எங்களுடையதே.

பிழையின் வேரை அறியச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் நன்று. ஜேர்மனியின் மைன்ஸ் நகரிலே குட்டன்பேர்க் 1455ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்த விவிலிய நூலை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பக்கங்களில் இரண்டு பத்திகள். பத்திக்கு 42 வரிகள். அந்நூலை அரசன் விரித்தாலும் துறவி விரித்தாலும் இருபதாம் வரி இருபதாம் வரியாகவே நிற்கும். பக்கத்தை ஆக்கியவன் வைத்ததே சட்டம். அச்சுக்கலையின் பெருமையும் அதன் கட்டுப்பாடும் இதுவேயாம்.

இணையப் பக்கத்தின் பிறப்போ வேறு வகையானது. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகர் அருகேயுள்ள சேர்ண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆங்கிலேய அறிஞர் ரிம் பேர்ணர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டிலே இதற்கான திட்டத்தை முன்வைத்தார். அங்குள்ள ஆய்வாளர்கள் பலவகைக் கணினிகளைக் கையாண்டனர். ஆதலின் 'இது தலைப்பு, இது பந்தி' என்று குறித்துவிட்டு, அதனை எவ்வாறு காட்டுவதென்பதை அவ்வக் கணினிக்கே விட்டுவிடும் முறையை அவர் வகுத்தார். சாளரம் ஒடுங்கினால் வரி மடிந்து கீழிறங்கும், அகன்றால் நீளும். கலத்தின் வடிவை நீர் ஏற்பதுபோல, வாசகரின் கருவிக்கேற்பப் பக்கம் தன்னை அமைத்துக்கொள்கிறது. இங்கே அளவை முடிவு செய்பவர் வாசகர்.

இவ்வுண்மையை வடிவமைப்பாளர் பலர் நெடுங்காலம் மறந்திருந்தனர். தாளுக்குப் போலவே திரைக்கும் நிலையான ஓர் அகலத்தைக் கற்பித்துக்கொண்டு பக்கங்களை ஆக்கினர். கைத்தொலைபேசி பெருகியபோது அம்முறை நிலைகுலைந்தது. 2010ஆம் ஆண்டிலே ஈதன் மார்க்கொட் என்பவர், பத்திகளும் படங்களும் திரைக்கேற்பச் சுருங்கி விரியும் முறைக்கு ஒரு பெயரிட்டு விளக்கினார். 'தகவமையும் வடிவமைப்பு' என அதனைத் தமிழிற் கூறலாம்.

நிறத்திலும் வேற்றுமை உண்டு. தாளில் மை ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்ச, எஞ்சியதே கண்ணுக்கு நிறமாகத் தோன்றும். திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளைத் தானே உமிழ்கிறது. திரையில் ஒளிவிட்ட எங்கள் கல்லூரிக் கொடி அட்டையில் மங்கித் தோன்றிய காரணம் அதுவே. வாசகர் வரும் வழியும் வேறு. நூலை எடுப்பவர் அட்டையைக் கண்டபின்பே உள்ளே புகுவார். இணையத்திலோ, யாரோ அனுப்பிய இணைப்பொன்றின் வழியே நடுப்பக்கத்தில் வந்து நிற்பார். ஆகவே ஒவ்வொரு பக்கமும், தான் எந்த மலரின் எந்தக் கட்டுரை என்பதைத் தானே உரைத்தல் வேண்டும்.

இவற்றை உணர்ந்தபின் படங்களை அகற்றி எழுத்தாகவே இட முனைந்தோம். அங்கும் ஓர் இடறல். மலர் பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் அமர்ந்துள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றியது. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்த யூனிகோட் முறைக்கு அனைத்தையும் மாற்றி, மாணவர் இருந்து பிழை திருத்தினர். பத்தி ஒன்றாயிற்று, எழுத்துப் பெரிதாயிற்று, பக்கத்தின் சுமை குறைந்ததால் டேற்றாச் செலவும் குறைந்தது. பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மென்பொருள், வெறும் படத்தில் உள்ள எழுத்தைக் காட்டிலும் இவ்வாறு இட்ட எழுத்தை எளிதாகவும் பிழையின்றியும் வாசிக்கும்.

அப்படியானால் அச்சு தாழ்ந்ததோ? அன்று. மின்சாரமும் இணைப்பும் இன்றியே அம்மலரை அம்மம்மா தம் மடியில் வைத்திருக்கிறார். நூலகத்து அலுமாரியில் அது பல்லாண்டு காத்திருக்கும். இணையப் பக்கத்தின் பிழையை நொடியில் திருத்தலாம்; ஆயின் பராமரிப்பார் இல்லையேல் ஒருநாள் அது சுவடின்றி மறைந்தும் போகலாம். இரண்டும் வேண்டியவையே. ஒன்றின் அளவுகோலை மற்றொன்றின்மேல் வைப்பதே தவறு.

மாணவர்களே, நாளை நீங்கள் மலர் ஆக்கினும் இணையத்தளம் ஆக்கினும், எழுத்துருவையும் நிறத்தையும் தெரியுமுன் ஒரு வினாவை எழுப்புங்கள்: இதனை யார், எங்கிருந்து, எதில் வாசிப்பார்? அவ்வினாவை நாங்கள் பிந்தியே கேட்டோம்.

புதிய பக்கத்தை ஏற்றிய மறுநாட் காலை அம்மாணவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா முழுக்க வாசிச்சிட்டா, சேர். இரவு அம்மம்மாவோடை கனநேரம் கதைச்சவ."