மணலைக் கட்டிப்போட்ட புல்



டென்மார்க்கின் வடமுனையில், ஸ்கேகன் நகருக்கு அருகே மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் தனியாக நிற்கிறது. தேவாலயத்தைத் தேடாதீர்கள், அது இப்போது இல்லை. காற்று அள்ளிவந்த மணல் வாசலை மூட, ஆராதனைக்கு வந்தவர்கள் தோண்டித்தான் உள்ளே போனார்களாம். 1795-இல் ஆலயத்தை மூடினார்கள், பிறகு இடித்துவிட்டார்கள். கப்பல்களுக்கு அடையாளமாகக் கோபுரம் மட்டும் மிஞ்சியது.

அந்த மணலை அடக்க உதவியது மர்ராம் என்ற புல். மணல் மூட மூட மேலே துளிர்த்து வளரும். வேர்கள் வலைபோல் மணலைப் பிடித்துக்கொள்ளும். வறண்ட காற்று அடித்தால் இலை குழலாகச் சுருண்டு ஈரத்தைக் காக்கும்.

இப்படிப்பட்ட மணல்மேடுகளும், ஊதாநிறப் பூப்பூக்கும் ஹெதர் குறுஞ்செடிகள் படர்ந்த வெளிகளும் டென்மார்க்கின் மேற்குக் கரையில் நீண்டு கிடக்கின்றன. அங்கே சுமார் 244 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2008 முதல் தியூ தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது.

மணல்மேட்டில் நடக்கும்போது பாதையை விட்டு விலகாதீர்கள். மிதிபட்டுப் புல் அழிந்த இடத்தில்தான் காற்று தோண்டத் தொடங்கும்!